உப்பாவுக்குக் கொண்டோட்டியில் கல்யாண வேலை இல்லை

அன்பு மகள் ஷஹர்பானுக்கு, எடப்பாளிலிருந்து உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் என் கண்ணு இச்சுவும் சலாலாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, எழுதவில்லை. சுகம் இல்லை மகளே. இந்தக் காலத்தில் யார் உம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். ஃபோனில் சொல்ல முடிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? நீ கூப்பிட்டதும் உன் உப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் முகம் உனக்குத் தெரியாதபடி, உன் குரல் மட்டும் அவர் காதில் விழும்படி. அவரை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல? வடக்கே வீட்டு ஸுபைர் லீவு முடிந்து வியாழக்கிழமை திரும்பிப் போகிறான், அவனிடம் கொடுத்துவிடும் சிப்ஸ் பொட்டலத்துக்குள் இதை வைத்திருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு. ஃபோட்டோ பிடித்து யாருக்கும் அனுப்பாதே, முக்கியமாக உன் மாமியாருக்கு.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, பெருநாள் கழிந்து நாங்கள் வருகிற சமயம் பார்த்து உப்பா ஏன் கொண்டோட்டிக்குப் போகிறார் என்று. அங்கே வரிசையாகக் கல்யாண வீடு, பிரியாணிக்கு ஒத்துக்கொண்டுவிட்டார் என்றேன். கொண்டோட்டியில் அத்தனை பெண்களா உம்மா கல்யாணத்துக்கு நிற்கிறார்கள் என்று நீ சிரித்தாய், நானும் கூடச் சிரித்து வைத்தேன். அப்படி ஒரு கல்யாணமும் இல்லை. போன நோன்புக்கு முன்னால் கரண்டியைக் கீழே வைத்தவர் இன்னும் எடுக்கவில்லை. தன் தங்கை பீயாத்து வீட்டுக்குப் போகிறார், அவர்கள் வீட்டு மாடியறையில் நீங்கள் திரும்பிப் போகிறவரை படுத்துக்கிடப்பாராம். இச்சு அவரைப் பார்க்க வேண்டாமாம், பிள்ளையை எங்கே வைப்பது யாரிடம் கொடுப்பது என்று நீ சங்கடப்படவும் வேண்டாமாம். முடிவு செய்துவிட்டார். அழுதேன், சண்டை போட்டேன், ஒரு நாள் சோறு கூட வைக்காமல் இருந்து பார்த்தேன். அவரே போய் அவல் நனைத்துத் தின்றுவிட்டு, நல்லா இருந்தது என்று என்னிடமே சொல்கிறார். இந்த மனிதனை எதைக் கொண்டு அடிப்பது? ஏன் இந்த நிலைக்கு வந்தார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுசும் படி, பாதியில் வைத்துவிடாதே.

அந்த நோய் வந்த கதை உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், முழங்கையில் ஒரு காசு அளவுக்குத் தடித்துச் சிவந்து மேலே வெள்ளையாகச் செதில் எழும்பியது, அடுப்புச் சூடு என்று அவரே வைத்தியம் சொல்லிக்கொண்டார். அப்புறம் தலை, கை, பாதம், முதுகு, தொடை என்று பரவியது. சொரியாசிஸ் என்று கோழிக்கோட்டு டாக்டர் பெயர் சொன்ன அன்றைக்கு நீயும்தான் எங்களோடு வந்திருந்தாய். இது தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது, பிள்ளைகளைத் தூக்கலாம் கொஞ்சலாம், ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னதை நாம் மூன்று பேரும்தான் கேட்டோம். எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு எப்படியோ தெரியாது. அதற்குப் பிறகு எத்தனை களிம்பு, எத்தனை எண்ணெய். தார் நாற்றம் அடிக்கிற ஒன்று, தலையணை உறையெல்லாம் நாசமாயிற்று. அது போய் டியூபில் வருகிற ஒன்று, நடுவில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு வைத்தியரின் எண்ணெய், மறுபடியும் டியூப். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை நானேதான் என் கையால் பூசிவிடுவேன். ஒரு நாள் தவறியது கிடையாது, எனக்குக் காய்ச்சல் வந்தாலும் பூசிவிட்டுத்தான் போய்ப் படுப்பேன்.

டாக்டரிடம் போனால் நடப்பது என்ன தெரியுமா? எப்படி இருக்கு வீரான்குட்டி என்று அவர் கேட்பார். உன் உப்பா நெஞ்சில் கை வைத்து, அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லை என்பார். நம் ஆட்கள் வேறு என்ன சொல்வார்கள்? வீடு பற்றி எரிகிறபோது யாராவது சுகமா என்று கேட்டாலும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் தேடுவோம். அது படைத்தவனுக்குச் சொல்கிற நன்றி, நோய்க்குச் சொல்கிற பதில் இல்லை என்று அந்த டாக்டருக்கு யார் சொல்வது? அவர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பார், பார்த்துவிட்டுக் குழம்புவார். முதுகும் தொடையும் ஆறுகிறது, கையும் காலும் தலையும் மட்டும் ஏன் ஆற மாட்டேன் என்கிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். சரி, அடுப்படி வேலை, கை காலில் சூடு படுகிறது, அதனாலே இருக்கும் என்று அவரே ஒரு பதிலும் சொல்லிக்கொள்வார். மருந்து ஒழுங்காப் போடுறீங்களா என்றால், போடுறேன். மருந்து திருப்தியா இருக்கா என்றால், ரொம்பத் திருப்தி. ஒரு தடவை அங்கே படிக்கிற ஒரு பெண் வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாரையும் மருந்து எப்படி இருக்கிறது, பூசுவதற்கு எளிதா, மனசுக்குப் பிடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போனாள், உன் உப்பா எல்லாவற்றுக்கும் முழு மார்க் போட்டார். வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன், கையில் ரத்தம் கசிகிறது, என்ன திருப்தி கண்டீர்கள் என்று. அதற்கு அவர், "சின்னப் பொண்ணு, படிக்க வந்திருக்கு, அதுகிட்ட குறை சொல்லி அனுப்பணுமா ஆமினா? மருந்து குடுத்த மனுஷன் என்ன நெனைப்பாரு" என்கிறார். விருந்து வீட்டில் உப்பு கூடிப் போனாலும் இலையைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் அவர், மருந்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

இப்படி இவர் திருப்தி திருப்தி என்று சொல்லச் சொல்ல, டாக்டர் என்ன செய்வார்? தவறாமல் போட்டும் கேட்காத நோய் என்று நினைத்து இன்னும் கடுமையான மருந்துக்குப் போனார். வாரத்துக்கு ஒரு தடவை விழுங்குகிற மாத்திரை வந்தது, அதற்காக அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த மாத்திரை போடுகிற நாளும் மறுநாளும் வீட்டில் சோறு வேகிற வாசனை கூட அவருக்கு ஆகாது, நாள் முழுக்கச் சட்டியைச் சுற்றி நிற்கிற மனிதன் வாசலில் போய் உட்கார்ந்திருப்பார். கடைசியில் கல்லீரல் கெட ஆரம்பித்துவிட்டது என்று சொல்லி அதையும் நிறுத்தினார்கள். இதற்குள்ளே வலது கையில் விரல் மூட்டு இரண்டு வீங்கி, வளைந்து, அப்படியே நின்றுவிட்டது. நோய் தோலோடு நிற்காமல் எலும்பு மூட்டுக்கும் போகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இதையெல்லாம் உன்னிடம் ஃபோனில் லேசாகத்தான் சொன்னேன், உப்பாவுக்குக் கொஞ்சம் கைவலி என்று. தூரத்தில் இருக்கிறவளை அழ வைத்து என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன்.

வேலையும் ஒரேயடியாகப் போகவில்லை, மரியாதையாகத்தான் போயிற்று. பிரியாணிக்கு அவரைக் கூப்பிடுவார்கள், சட்டிப் பக்கம் போனதும் கல்யாண வீட்டுக்காரர் ஓடி வந்து நாற்காலி போடுவார். இக்கா, நீங்க உக்காருங்க, நீங்க சொல்லுங்க, பசங்க செய்வாங்க என்பார். சாயா வரும், விசிறி வரும். அரிசியில் கை வைக்க மட்டும் விடமாட்டார்கள். பந்தி முடிந்து சமையல் ஆட்கள் எல்லாம் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகத் தின்பார்களே, இவர் கையால் தொழில் கற்றவர்கள், அவர்கள் ஒரு நாள் இவருக்குத் தனியாக ஒரு தட்டு வைத்தார்களாம். நல்ல இறைச்சியாகப் பொறுக்கித்தான் வைத்திருந்தார்கள் என்று வந்து சொன்னார். அதைச் சொல்லும்போது கூட அவர்கள் மேல் ஒரு வார்த்தை குறை இல்லை. அதுதான் கடைசிக் கல்யாணம்.

அதற்குப் பிறகு பள்ளிவாசல். அங்கே ஹவுள் இருக்கிறதே, தொழுகைக்கு முன்னால் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கை கால் கழுவி ஒளு எடுக்கிற தொட்டி, அதில் இவர் கையை முக்கியெடுத்த இடத்தில் செதில் மிதந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். கமிட்டியிலிருந்து செய்தலவி வீட்டுக்கு வந்தார். பழம்பொரி தின்றார், மழையைப் பற்றிப் பேசினார், மிளகு விலையைப் பற்றிப் பேசினார், செருப்பைப் போட்டுக்கொள்ளும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார். "வீரான்குட்டிக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வெளிய பைப்பு ஒண்ணு இருக்கில்ல, அதுல ஒளு எடுத்தீங்கன்னா எல்லாருக்கும் சௌகரியம்" என்றார். அதுக்கென்ன, அதுதான் நல்லது என்று இவர் கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும்தான் பள்ளிக்குப் போகிறார், அதுவும் சொந்தப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கடைசி வரிசையில், சுவரோரம். மற்ற நேரமெல்லாம் வீட்டிலேயே தொழுகிறார். இத்தனை வருஷக் குடும்பத்தில் அவர் பகலில் வீட்டில் ஒளு எடுத்து நான் பார்த்ததே இல்லை, நான் மருந்து பூசிவிட்டதும் சட்டிப் பக்கமோ பள்ளிப் பக்கமோ போய்விடுவாரே. அந்தச் செய்தலவி வந்து போனதனால்தான் இத்தனை வருஷம் தெரியாதது எனக்குத் தெரிந்தது, அதற்காக அவருக்கு நன்றி சொல்வதா மண்ணை வாரித் தூற்றுவதா என்று இன்னும் தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் அவருக்குக் கை, கால், தலை எல்லாம் களிம்பு பூசிவிட்டு மீன் கழுவப் பின்பக்கம் போனேன். லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. உன் உப்பா வந்தார், குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார், மடியிலிருந்து துணி சோப்பை எடுத்தார், பீர்க்கங்கூட்டை எடுத்தார். அப்போதுதான் நான் பூசிவிட்ட கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்தார், முகத்தைத் தேய்த்தார், தலையில் கூட நுரை வைத்துத் தேய்த்தார், பாதத்தைத் தேய்த்தார், சட்டியில் அடிபிடித்ததைச் சுரண்டுகிற மாதிரி. செதில் பிய்ந்து ரத்தம் வந்தது, அதையும் கழுவினார். அதற்கப்புறம்தான் நிதானமாக பிஸ்மி சொல்லி ஒளு எடுக்க ஆரம்பித்தார். நான் மீனைப் போட்டுவிட்டு ஓடிப்போய் சோப்பைப் பிடுங்கினேன். என்ன செய்கிறீர்கள், பைத்தியமா பிடித்திருக்கிறது என்று கத்தினேன். அவர் அமைதியாகத்தான் சொன்னார். "இந்தக் களிம்பு மெழுகு மாதிரி தோல் மேல உக்காந்துக்குது ஆமினா. தண்ணி தோல்ல படலைன்னா ஒளு ஆகாது. ஒளு இல்லாமத் தொழுதா அது தொழுகையா?" எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "முதல் டியூப்லேர்ந்து" என்றார்.

முதல் டியூபிலிருந்து. நீ படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்ற இத்தனை வருஷமும் நான் பூசப் பூச அவர் கழுவியிருக்கிறார். முதுகும் தொடையும் ஏன் ஆறியது, கையும் காலும் தலையும் ஏன் ஆறவில்லை என்று அந்த டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தாரே, முதுகுக்கும் தொடைக்கும் ஒளு கிடையாது, அதுதான் பதில். தொப்பி வைத்துக்கொண்டு, நெற்றியில் தொழுகைத் தழும்போடு எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதனிடம், நீங்கள் எத்தனை வேளை கை கால் கழுவுவீர்கள், மருந்து எந்நேரம் உடம்பில் இருக்கும் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் படித்த மனிதர் கேட்டிருக்கக் கூடாதா? இவராவது சொல்லியிருக்கக் கூடாதா? டாக்டர் நம்ம ஆள் இல்லையே, அவர்கிட்ட நம்ம தீன், மார்க்க விஷயம் பேசினா மருந்தை வேணாம்னு சொல்றதா நெனைச்சுப்பாரு என்கிறார். சரி, உஸ்தாதிடமாவது கேட்டிருக்கலாமே என்றால், புண்ணைப் பற்றி அவரிடம் எப்படிப் பேசுவது, வெட்கமாக இருக்கும் என்கிறார்.

நான் போனேன். மதரஸா உஸ்தாத் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் சொன்னேன், உள்ளே இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர் யோசிக்கக் கூட இல்லை, உடனே சொல்லிவிட்டார். இரவு இஷா தொழுதுவிட்டுக் கட்டியான மருந்தைப் பூசிக்கொள்ளட்டும், விடியற்காலைத் தொழுகை வரை கிடக்கட்டும், பகலுக்குத் தோலில் ஊறிப்போகிற மாதிரி ஒன்றை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், அதற்கும் வழியில்லை என்றால் நோயாளிக்கு மார்க்கத்தில் எத்தனையோ சலுகை இருக்கிறது என்றார். "ஏன் இத்தா, இத்தனை நாளா இதை வந்து கேக்கல?" என்று வருத்தமாகக் கேட்டார். அங்கிருந்து நேராகப் பஸ் பிடித்துக் கோழிக்கோட்டுக்குப் போனேன், தனியாக, எனக்கு வழி கூடச் சரியாகத் தெரியாது. டாக்டர் முழுசும் கேட்டார், பேனாவை மூடி வைத்தார். ராத்திரி ஒரு தடவை பூசினாலே போதுமே, தண்ணி மாதிரி லோஷனும் இருக்கிறதே, முதல்லயே தெரிஞ்சிருந்தா மாத்திரைக்கே போயிருக்க மாட்டோமே என்றார். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். எழுதிக் கொடுத்தார், விரல் இதற்கு மேல் வளையாமல் பிடித்து நிறுத்த ஒரு ஊசி இருக்கிறது, சில பரிசோதனை எடுத்துப் பார்த்துத் தொடங்கலாம், சீக்கிரம் கூட்டி வாருங்கள் என்றும் சொன்னார். எனக்கு வருகிற வழியெல்லாம் சந்தோஷம், பைத்தியக்காரி. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று குற்றிப்புறம் பாலத்தில் பஸ் நிற்கும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

வந்து சொன்னேன். உன் உப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். நான் உஸ்தாத் சொன்னதைச் சொல்லி, டாக்டர் சொன்னதைச் சொல்லி, லோஷன் பாட்டிலை எடுத்து எதிரே வைத்தேன். அப்புறம், "அப்ப நான் இத்தனை வருஷம் கழுவினதெல்லாம்?" என்று கேட்டார். ஷஹர்பான், நீ இங்கே இருந்திருந்தால் நீ ஏதாவது சொல்லியிருப்பாய், உனக்குப் படிப்பு இருக்கிறது. படைத்தவனுக்காகத்தானே கழுவினீர்கள், அவன் பார்த்திருப்பான் என்று நான் என்னவோ உளறினேன். அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து எந்த மருந்தையும் தொடவில்லை. களிம்பு இல்லை, லோஷன் இல்லை, ஊசிக்கு வர மாட்டேன் என்கிறார். கோபத்தில் இருக்கிறார், ஆறட்டும் என்று சில நாள் விட்டேன். ஒரு நாள் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், யார் மேல் கோபம் என்று. "யாரு மேலயும் கோவமில்ல. எனக்கு அலுத்துப்போச்சு ஆமினா, விட்டுடு" என்றார். கோபம் இருந்தால் எனக்குப் பயமில்லை, கோபப்படுகிற ஆள் என்றைக்காவது எழுந்து வருவான். இது வேறு மாதிரி இருக்கிறது. விரல் இன்னொன்றும் மடங்க ஆரம்பித்துவிட்டது, சோறு பிசையும்போது நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன். பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். லோஷன் பாட்டில் ஜன்னலில் சீல் உடைக்காமல் இருக்கிறது, அதைத் தினமும் துடைத்து வைக்கிறேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். எழுத மனசில்லை, ஆனாலும் எழுதாமல் இந்தக் கடிதம் எதற்கு? போன தடவை நீ வந்தபோது இச்சு குப்புற விழுந்து தவழ்கிற பிள்ளை. உன் உப்பா அன்றைக்கு விடியற்காலையிலேயே குளித்து, முழுக்கைச் சட்டை போட்டு, அத்தர் கூடப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ உள்ளே வந்ததும் இரண்டு கையையும் நீட்டினார். உன் மாமியார் உன் பின்னாலேயே நின்றார்கள். நீ பிள்ளையைத் தோளுக்குத் திருப்பிக்கொண்டு, கையைக் கழுவிட்டு வாங்க உப்பா என்றாய். வெளியிலிருந்து வந்தவர்களிடம் சொல்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னாய். அவர் போய்க் கழுவினார். என்ன தேய்ப்பு தேய்த்தாரோ, வெகுநேரம் கழித்து வந்தார். அதற்குள் நீ பிள்ளையை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டாய், தூங்குகிறான் என்றாய். ஈரக் கையோடு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மாமியாருக்கு சாயா வந்ததா என்று என்னைக் கேட்டார். நீங்கள் இருந்த நாளெல்லாம் ஒரு தடவை கூட அந்தப் பிள்ளை அவர் மடிக்கு வரவில்லை. உனக்கு மாமியாருக்கு முன்னால் என்ன செய்வது என்று தெரியவில்லை, நீ அந்த வீட்டில்தானே வாழ வேண்டும், எனக்குப் புரிகிறது. அவருக்கும் புரிகிறது. அவள் பிள்ளை, அவள் பயப்படத்தான் செய்வாள் என்று எனக்கே சமாதானம் சொன்னார். ஒரு தடவை கூட உன்னைக் குறையாகச் சொன்னதில்லை, அது உனக்குத் தெரிய வேண்டும். ஆனால் நீ போன பிறகு அவர் தொழுகை இல்லாத நேரத்திலும் போய்ப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார்.

அதனால்தான் கொண்டோட்டி. பெட்டியை இப்போதே எடுத்துக் கட்டிலடியில் வைத்துவிட்டார். பீயாத்துவிடம் ஃபோனில் பேசி மாடியறையைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டார், அவள் என்னிடம் அழுகிறாள், அண்ணனை ஒளித்து வைக்க நான் என்ன பாவம் செய்தேன் என்று. நீ வா மகளே. வந்ததும் வாசலிலேயே, உட்காருவதற்கு முன்னால், உன் மாமியார் பார்க்கப் பார்க்க, இச்சுவை அவர் கையில் கொடு. கழுவச் சொல்லாதே. அது உன்னால் முடியும் என்றால் மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல், நான் அந்தப் பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்குகிறேன், போகாதீர்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வாய் இருக்கும். முடியாது என்றால் அதையும் சொல்லிவிடு, நான் கோபப்பட மாட்டேன், அவர் போகட்டும். மறுபடியும் ஒரு தடவை அந்தக் கதவுக்கு முன்னால் அவர் நிற்பதை நான் பார்க்க மாட்டேன். நீ இச்சுவைக் கொடுத்தால் மருந்து பூசிக்கொள்வார் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. பூசாமலே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்னவோ. எனக்கு அதில் நம்பிக்கை வற்றிவிட்டது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

உனக்குக் காதுக்குப் பின்னால் செதில் செதிலாக வருகிறது, பொடுகு ஷாம்பு போடுகிறேன் என்று போன மாதம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கே அங்கே நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு. உப்பாவுக்கு இருக்கிறது என்று முதலிலேயே சொல், இது தொட்டு ஒட்டாது, ஆனால் குடும்ப வழியில் வரலாம். எப்படி இருக்கு என்று கேட்டால் எப்படி இருக்கிறதோ அப்படிச் சொல், நன்றியைத் தொழுகையில் சொல்லிக்கொள்ளலாம். எந்நேரம் குளிப்பாய், எந்நேரம் தொழுவாய், பிள்ளையை எந்நேரம் தூக்குவாய், மருந்து பிடிக்கிறதா பிடிக்கவில்லையா எல்லாம் வாயைத் திறந்து சொல். வேலை வேலை என்று தள்ளிப் போடாதே. இச்சுவுக்கு ராத்திரியில் ஏசிக் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள், இருமல் இன்னும் முழுசாகப் போகவில்லை என்று குரலில் தெரிகிறது. சிப்ஸில் பாதியை மாப்பிள்ளைக்கு எடுத்து வை, முழுசையும் நீயே தின்றுவிடாதே. இங்கே மழை பிடித்துவிட்டது, அடுக்களை ஓடு ஒழுகுகிறது, வேறு விசேஷம் இல்லை. உன் வயிறும் உன் வீடும் குளிர்ந்திருக்க, உன் பிள்ளை உன்னை விட்டு ஒரு நாளும் முகம் திருப்பாமல் இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். பதிலை ஃபோனில் சொல்லாதே, உப்பா பக்கத்தில் இருப்பார். முடியும் என்றால் இச்சுவின் ஒரு ஃபோட்டோவை அனுப்பு, எனக்குப் புரிந்துவிடும்.

எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இச்சு வல்லியுப்பா, வல்லியுப்பா என்று அடம்பிடித்தானே, அதனால் ஒரு நிமிஷம் உன் உப்பா ஃபோனைக் கையில் வாங்கினார். பிள்ளை திரையில் வாயை வைத்து முத்தம் கொடுத்தான், உனக்கு அங்கே படம் ஆடி எங்கள் சுவரும் கூரையும் தெரிந்தது. நெட் சரியில்லை போலிருக்கு உம்மா என்று நீ சொன்னாய். நெட்டுக்கு ஒன்றும் இல்லை மகளே. பிள்ளை வாயைக் கிட்டே கொண்டுவந்ததும் உன் உப்பா பதறிப்போய்த் தன் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
உன் உம்மா
குஞ்ஞாமினா